வகுப்பறைக் காற்று நல்ல காற்றா? செட்டிநாட்டுப் பள்ளிகளை வைத்து ஒரு விளக்கம்

கைபேசிச் செயலியில் காரைக்குடிக் காற்று பச்சை நிறத்தில் 'நன்று' என்று காட்டுகிறது. அதே நாள், அதே ஊரில், ஒரு பள்ளியின் ஏசி வகுப்பறையில் வைத்த சிறு கருவி 2400 என்று சிவப்பில் காட்டுகிறது. பெற்றோர் குழுவில் படம் பரவுகிறது. பள்ளியில் விஷவாயுவா என்று ஒருவர் கேட்கிறார். கருவி பழுது, ஊரே பச்சையாக இருக்கிறதே என்கிறார் இன்னொருவர். இரண்டுமே தவறு. அந்த இரண்டு எண்களும் வேறு வேறு பொருளை அளப்பவை. ஒன்றை வைத்து மற்றதைப் பொய் என்று சொல்ல முடியாது.

செயலியின் எண் எதைச் சொல்கிறது

செயலியில் வருவது காற்றுத் தரக் குறியீடு. இந்தியக் குறியீட்டில் எட்டு மாசுகள் கணக்கில் உண்டு: இரண்டு வகை நுண்துகள், நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்ஃபர் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். கார்பன் டை ஆக்சைடு இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் வகுப்பறைக் கருவி காட்டிய 2400 கார்பன் டை ஆக்சைடின் அளவு. ஆகவே செயலி பச்சையாக இருப்பதும் கருவி சிவப்பாக இருப்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

இன்னொரு குழப்பமும் இங்கே உண்டு. சில செயலிகள் இந்தியக் குறியீட்டைக் காட்டும், சில அமெரிக்கக் குறியீட்டைக் காட்டும். சிறிய வகை நுண்துகள் (பிஎம் 2.5) ஒரு கன மீட்டருக்கு 35 மைக்ரோகிராம் இருக்கும் காற்றுக்கு அமெரிக்கக் குறியீடு ஏறக்குறைய 100. இந்தியக் குறியீடு 60-க்கும் கீழே. காற்று ஒன்றுதான், அளவுகோல்தான் இரண்டு. போதாததற்கு, சிற்றூர்களுக்குச் செயலி தரும் எண் பல நேரம் தொலைவில் உள்ள நிலையத்திலிருந்தோ கணினிக் கணிப்பிலிருந்தோ வருகிறது. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பள்ளியின் ஐந்தாம் வகுப்புக்குள் என்ன காற்று என்பதை அது சொல்லவே முடியாது. அதை அந்த அறைக்குள் போய்த்தான் அளக்க வேண்டும்.

அளக்க வேண்டியவை

1. கார்பன் டை ஆக்சைடு. அலகு பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. வெளிக்காற்றில் இப்போது சுமார் 420 பிபிஎம். நாம் வெளிவிடும் மூச்சில் சுமார் 40,000 பிபிஎம். வகுப்பறையில் இது ஏறினால், பிள்ளைகள் விட்ட மூச்சு வெளியே போகாமல் உள்ளேயே தங்குகிறது என்று பொருள். 2400 என்ற அளவில் இந்த வாயு விஷமல்ல. தொழிற்கூடங்களில் எட்டு மணி நேரத்துக்கு வைத்திருக்கும் வரம்பே 5000. அறையின் காற்று எவ்வளவு மாறுகிறது என்பதற்கான அடையாளமாகத்தான் இதை அளக்கிறோம்.

2. நுண்துகள். 2.5 மைக்ரான் அளவும் அதைவிடச் சிறியதும் பிஎம் 2.5, 10 மைக்ரான் வரை உள்ளது பிஎம் 10. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். புகை பெரும்பாலும் முதல் வகை. செம்மண் தூசி, சாக்பீஸ் பொடி பெரும்பாலும் பெரிய துகள்கள். பலகையைத் துடைக்கும்போது வெள்ளையாகப் பறப்பது கண்ணை உறுத்தும், தும்மல் வரும். ஆனால் நுரையீரலின் அடிவரை போவது கண்ணுக்கே தெரியாத புகைத்துகள். பிஎம் 2.5-இன் 24 மணி நேரச் சராசரிக்கு இந்திய வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார அமைப்பு 2021-இல் சொன்னது 15.

3. வெப்பமும் ஈரப்பதமும். கருவி காட்டும் மற்ற எண்களைப் புரிந்துகொள்ளவும் இவை வேண்டும்.

4. மற்றவை. புது பெயின்ட், பிளைவுட் மேசை இவற்றிலிருந்து வரும் ஆவிகள், சுவரில் பூசணம், வென்டிலேட்டரில் புறா எச்சம். இவற்றுக்குப் பெரும்பாலும் கண்ணும் மூக்கும் போதும்.

ஒரு வகுப்பறை, 40 பிள்ளைகள்: கணக்குப் போட்டுப் பார்ப்போம்

20 அடி நீளம், 20 அடி அகலம், 10 அடி உயரமுள்ள ஒரு அறையை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 4000 கன அடி, அதாவது சுமார் 113 கன மீட்டர். உள்ளே 40 பிள்ளைகள், ஒரு ஆசிரியர். கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் விகிதம் தொடக்க வகுப்புக்கு 30 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35-க்கு ஒருவர். நடைமுறையில் 40 பேர் உள்ள அறைகள் எவ்வளவோ.

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை உட்கார்ந்து படிக்கும்போது மணிக்குச் சுமார் 12 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடும். 40 பேருக்கு 480 லிட்டர். ஆசிரியரையும் சேர்த்தால் 500 என்று வைத்துக்கொள்ளலாம். அறையின் கொள்ளளவு 1,13,000 லிட்டர். காற்று துளியும் மாறாத அறை என்றால் மணிக்கு 4400 பிபிஎம் ஏறும். 420-இல் தொடங்கினால், நல்ல காற்றுக்கு எல்லையாகச் சொல்லப்படும் 1000-ஐ எட்டே நிமிடத்தில் தாண்டிவிடும். வருகைப்பதிவு எடுத்து முடிப்பதற்குள்!

எந்த அறையும் அவ்வளவு இறுக்கமாக இருக்காது. கதவிடுக்கு வழியாகக் காற்று மணிக்கு ஒரு முறை முழுதாக மாறுகிறது என்று வைத்தாலும், 40 நிமிடப் பீரியட் முடியும்போது அளவு 2500-ஐத் தாண்டியிருக்கும். பெற்றோர் குழுவில் பரவிய 2400 எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது அல்லவா? கருவி பழுதில்லை, விஷவாயுவும் இல்லை. சாத்திய அறையில் 40 பேர் மூச்சு விட்டால் கணக்குப்படி வரவேண்டிய எண் அது.

சரி, அதனால் என்ன? 2500-இலிருந்து வெளிக்காற்றின் 420-ஐக் கழித்தால் 2080. மூச்சுக்காற்றின் 40,000-இல் அது ஏறக்குறைய 20-இல் ஒரு பங்கு. அதாவது ஒரு பிள்ளை இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் 20-இல் ஒரு பங்கு அந்த அறையில் யாரோ ஏற்கெனவே விட்ட மூச்சு. அந்த 40 பேரில் ஒருவருக்குத் தட்டம்மையோ காசநோயோ ஃப்ளூவோ இருந்தால் அதில் கிருமியும் சேர்ந்துதான் வரும். கொரோனாவுக்குப் பிறகு உலகம் இதைக் கவனிக்கத் தொடங்கியது. 2021-இல் இங்கிலாந்து அரசு பள்ளிகளுக்குச் சுமார் 3 லட்சம் கார்பன் டை ஆக்சைடு கருவிகள் தருவதாக அறிவித்ததும் இதற்காகத்தான்.

தலைவலி, தூக்கம், கவனக்குறைவு பற்றியும் ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் கார்பன் டை ஆக்சைடே நேரடியாக மூளையை மந்தமாக்குகிறதா என்பதில் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. காற்று மாறாத அறையில் வெக்கை, உடல் வாடை, ஈரம் எல்லாம் சேர்ந்தே ஏறுகின்றன. எது எவ்வளவு காரணம் என்று பிரிப்பது கடினம். ஜன்னலைத் திறக்க அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

1000 என்ற எல்லை

ஜெர்மனியின் முனிக் நகரில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்ற மருத்துவ அறிஞர் 1858-இல் சொன்ன அளவு இது. அறைக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஆயிரத்தில் ஒரு பங்குக்கு, அதாவது 1000 பிபிஎம்முக்கு மேல் போகக் கூடாது என்றார். அவரும் அந்த வாயுவை விஷமாகக் கருதவில்லை, மனிதர் நிறைந்த அறையின் கெட்ட காற்றுக்கு அடையாளமாகவே எடுத்துக்கொண்டார். அன்றைக்கு வெளிக்காற்றில் அது 300-க்கும் கீழே. இன்று 420. ஆகவே 1000 என்ற மொத்தத்தைவிட, வெளிக்கும் உள்ளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்பதே சரி.

நம் அறையில் 1000-க்குள் நிறுத்த வேண்டுமானால் மணிக்கு ஏறக்குறைய 860 கன மீட்டர் வெளிக்காற்று வர வேண்டும். அறைக்காற்று மணிக்கு ஏழரை முறை மாறுவதற்குச் சமம் அது. வகுப்பறைக்கு ஒரு ஆளுக்கு நொடிக்கு 5 லிட்டர், தரையில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 0.6 லிட்டர் என்பது ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் அமைப்பின் அளவு. அதை இந்த அறைக்குப் போட்டால் மணிக்கு 820 கன மீட்டர். ஏறக்குறைய அதே விடைதான்.

ஜன்னலை ஏன் சாத்துகிறார்கள்

செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. முகப்பிலிருந்து பார்த்தால் வளவு என்ற நடுமுற்றம் தாண்டி, இரண்டாம் கட்டு தாண்டிப் பின்வாசல் தெரியும். வாசலும் வாசலும் ஒரே நேர்கோட்டில். நடுவே வானம் பார்த்த வளவு. சூடான காற்று வளவு வழியாக மேலே போக, நிழலான பட்டாலைத் திண்ணைப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். ஜன்னலுக்கு மேல்கதவு தனி, கீழ்க்கதவு தனி. வெயிலோ தெருவோ தொந்தரவு செய்தால் கீழ்க்கதவைச் சாத்திவிட்டு மேலே திறந்து வைக்கலாம். உயரமான கூரை வேறு. நகரத்தார் கொடையில் எழுந்த பழைய பள்ளிக் கட்டடங்கள் சிலவற்றிலும் இதே அமைப்பைப் பார்க்கலாம்: இருபக்கமும் ஜன்னல், அதற்கு மேலே வென்டிலேட்டர், வெளியே தாழ்வாரம்.

பிறகு வந்த கட்டடங்களில் பத்தடி உயர கான்கிரீட் கூரை, ஒருபக்கம் மட்டும் ஜன்னல், மறுபக்கம் மூடிய சுவர். வென்டிலேட்டர் இருந்தால் அதைப் புறாவுக்குப் பயந்து அட்டை வைத்து அடைத்திருப்பார்கள். இருக்கும் ஜன்னலையும் சாத்தக் காரணங்கள் வரிசையாக வருகின்றன. ஆடியில் மேல்காற்று செம்மண் தூசியை வாரிக்கொண்டு வரும். ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் சாரலும். ஸ்மார்ட் போர்டில் வெளிச்சம் பட்டால் படம் தெரியாது, அதனால் திரைச்சீலை. சாலையோரப் பள்ளி என்றால் பஸ் ஹாரன். ஏசி போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆசிரியரைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு காரணமும் நியாயமானது. குறிப்பாகப் புகை. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது பல குடும்பங்களின் பிழைப்பு. மூட்டம் நாள்கணக்கில் புகையும். காற்று திரும்பினால் பள்ளிக்குள் வரும். பள்ளிக்குப் பின்னாலேயே சருகும் பாலித்தீனும் எரிப்பது, விறகில் சமைக்கும் சத்துணவுக்கூடம் என்றால் முற்பகலில் எழும் புகை, இவையும் உண்டு. புகை வரும்போது ஜன்னலைத் திறந்தால் கார்பன் டை ஆக்சைடு இறங்கும், பிஎம் 2.5 ஏறும். சாத்தினால் முதலாவது ஏறும். இரண்டில் ஒன்றை மட்டும் அளக்கும் பள்ளி தவறான முடிவுக்குத்தான் போகும்.

மூன்று தவறான நம்பிக்கைகள்

1. ஏசி ஓடினால் புதுக் காற்று வரும். சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி அறைக்காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திருப்பி விடுகிறது. வெளியே உள்ள பெட்டி வெப்பத்தைக் கழிப்பதற்கு மட்டும், அங்கிருந்து காற்று உள்ளே வருவதில்லை. குளிர்ச்சி இருப்பதால் காற்று புதிது என்று உடல் ஏமாறுகிறது.

2. மின்விசிறி போதும். இருக்கும் காற்றைச் சுழற்றும், வியர்வை காயும். ஜன்னல் திறந்திருந்தால்தான் மாற்றத்துக்கு உதவும்.

3. காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கிவிடலாம். நல்ல வடிகட்டி உள்ளது நுண்துகளைப் பிடிக்கும், அதனால் புகைக்காலத்தில் பயன் உண்டு. ஆனால் கார்பன் டை ஆக்சைடை ஒரு பிபிஎம் கூடக் குறைக்காது.

கருவி வாங்கும்போது

கார்பன் டை ஆக்சைடு கருவியில் அகச்சிவப்பு ஒளி கொண்டு அளக்கும் சென்சார் இருக்க வேண்டும். விவரக் குறிப்பில் 'என்டிஐஆர்' என்று போட்டிருப்பார்கள். மலிவான சில கருவிகள் வேறு ஆவிகளை அளந்து, அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடை ஊகித்துக் காட்டும். சானிட்டைசர் பாட்டிலைப் பக்கத்தில் திறந்தாலே அதன் எண் எகிறும். அப்படிப்பட்டதை வாங்க வேண்டாம்.

பல கருவிகள் சில நாள்களில் பார்த்த மிகக்குறைந்த அளவையே வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும். எப்போதும் சாத்திய அறையிலேயே வைத்திருந்தால் அந்தத் திருத்தமே பிழையாகி, உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். வாரம் ஒரு முறை திறந்த வெளியில் கொஞ்ச நேரம் வைத்து, 420-ஐ ஒட்டி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நுண்துகள் கருவி, துகள்கள் சிதறடிக்கும் லேசர் ஒளியை வைத்து எண்ணுகிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் துகள் நீரை உறிஞ்சிப் பருக்கும், எண் உண்மையைவிடக் கூடும். ஐப்பசி மழைநாளின் எண்ணையும் பங்குனி வெயிலின் எண்ணையும் அப்படியே ஒப்பிடக் கூடாது.

விறகுப் புகை வரும் பள்ளியில் கார்பன் மோனாக்சைடையும் பார்க்க வேண்டும். அதற்கான சென்சார் மின்வேதியியல் முறையில் இயங்குவது. 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியிலேயே இருப்பதால், அறிவியல் மன்றம் உள்ள பள்ளிகள் இதை ஒரு பாடமாகவே செய்து பார்க்கலாம்.

அளக்கும் முறை

1. முதலில் கருவியில்லாமல் ஒரு சுற்று. ஜன்னல் எத்தனை, திறப்பவை எத்தனை, துருப்பிடித்துத் திறக்க முடியாதவை எத்தனை? வென்டிலேட்டர் அடைபட்டிருக்கிறதா? வெளியிலிருந்து வந்து அறைக்குள் நுழைந்த உடனே என்ன வாடை வருகிறது? அந்த முதல் சில நொடிதான் முக்கியம். இரண்டு மூன்று நிமிடத்தில் மூக்கு பழகிவிடும், உள்ளேயே இருக்கும் ஆசிரியருக்கு ஒன்றும் தெரியாது. விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னல் கம்பியில் ஒரு மெல்லிய நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். உள்பக்கம் சாய்ந்தால் காற்று வருகிறது, வெளிப்பக்கம் சாய்ந்தால் போகிறது, அசையாமல் நின்றால் அந்த ஜன்னல் பெயருக்குத்தான் ஜன்னல்.

2. கருவியைப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது மூக்கு இருக்கும் உயரத்தில், அறையின் நடுப்பகுதியை ஒட்டி வைக்க வேண்டும். ஜன்னலோரம், விசிறிக்கு நேர்கீழ், யாராவது முகத்துக்கு நேரே ஊதும் இடம் ஆகாது.

3. வெளியில் ஒரு அளவு, பிறகு உள்ளே முழுப் பள்ளி நாளும். காலை வழிபாடு முடிந்து உட்கார்ந்தது முதல் கடைசி மணி வரை பத்து நிமிடத்துக்கு ஒரு முறை குறித்தால் போதும். உச்சம் எந்தப் பீரியடில், இடைவேளையில் எவ்வளவு இறங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

4. ஒவ்வொரு அளவோடும் பிள்ளைகள் எத்தனை பேர், எந்த ஜன்னல் திறப்பு, ஏசி ஓடியதா, வெளியே புகையா என்று எழுத வேண்டும். இந்தக் குறிப்பு இல்லாத எண்ணால் பயனில்லை.

5. இறங்கும் வேகம். மாலையில் பிள்ளைகள் போன பிறகு அறையை வகுப்பு நடந்தபோது இருந்த நிலையிலேயே விட்டுவிட்டு, வெளிக்காற்றைவிடக் கூடுதலாக இருந்த அளவு பாதியாக எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 42-ஐ அந்த நிமிடத்தால் வகுத்தால், அறைக்காற்று மணிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பது வந்துவிடும். எடுத்துக்காட்டாக 2020 இருந்தது, வெளியே 420. கூடுதல் 1600. அது 800 ஆக, அதாவது கருவி 1220 காட்ட, 15 நிமிடம் ஆனது. 42-ஐ 15-ஆல் வகுத்தால் 2.8. நமக்கு வேண்டியது ஏழரை. இதே சோதனையை எதிரெதிர் ஜன்னலும் கதவும் திறந்து இன்னொரு நாள் செய்தால் வித்தியாசம் கையில் கிடைக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள்.

எண்கள் வந்த பிறகு

கார்பன் டை ஆக்சைடு அதிகம், நுண்துகள் குறைவு என்றால் வழி எளிது. எதிரெதிரே திறப்பு வேண்டும். ஒருபக்கம் மட்டும் ஜன்னல் உள்ள அறையில் அடைத்த வென்டிலேட்டரைத் திறந்து, அட்டைக்குப் பதில் கம்பி வலை அடிப்பதே பாதி வேலை. ஒவ்வொரு பீரியட் மாறும்போதும் ஐந்து நிமிடம் எல்லாவற்றையும் திறப்பது மீதியில் கொஞ்சம்.

இரண்டும் அதிகம் என்றால் முதலில் புகையின் மூலத்தைப் பிடிக்க வேண்டும். சருகு எரிப்பதைப் பள்ளி நேரத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்பது ஊராட்சியிடம் முடியக்கூடிய காரியம். கரிமூட்டக்காரரிடம் பேசுவது அதைவிடக் கடினம், பிழைப்பு சம்பந்தப்பட்டது. ஆனால் மூட்டம் போடும் இடத்தைத் தள்ளி வைக்கக் கேட்கலாம். புகை எந்த நேரத்தில் வருகிறது என்ற குறிப்பு கையில் இருந்தால் அந்த நேரம் மட்டும் சாத்திவிட்டு மற்ற நேரம் திறக்கலாம்.

ஏசி வகுப்பறையில் தனிக் காற்றுவழி வைத்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. ஒருபக்கம் வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தள்ளும் விசிறி, எதிர்ப்பக்கம் வெளியேறும் வழி. விசிறியின் பெட்டியில் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று போட்டிருக்கும். நாம் கணக்கிட்ட அறைக்கு 860 வேண்டும். வடிகட்டி, வலை, குழாய் எல்லாம் தடை என்பதால் பெட்டியில் உள்ள எண் முழுதாகக் கிடைக்காது, கொஞ்சம் கூட்டியே வாங்க வேண்டும். ஏசி போடக் கட்டணம் கேட்கும் பள்ளியிடம் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: வெளிக்காற்று எந்த வழியாக வருகிறது, மணிக்கு எவ்வளவு? மின்கட்டணம் கூடும் என்பது உண்மைதான். அதையும் சேர்த்துத்தான் ஏசி வகுப்பின் செலவு.

ஒரு நாள் அளந்ததை வைத்து ஆண்டு முழுவதற்கும் முடிவு செய்ய முடியாது. ஆடிக்காற்றில் ஒரு முறை, ஐப்பசி மழையில் ஜன்னல் சாத்தியிருக்கும்போது ஒரு முறை, மாசி, பங்குனியில் வெயில் ஏறும்போது ஒரு முறை. அதே அறை, அதே இடம், அதே நோட்டு.